இளவரசியின் முதுகில் ஒரு ஜிப்

வாசகி கேள்வி: நான் 20 வருடத்துக்கு மேலாகத் தையல் வகுப்பு எடுப்பவள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து, தமிழில் டப் செய்த வெளிநாட்டு வரலாற்றுத் தொடர்கள் பார்ப்போம். இப்போது ஓடுவது 1770களில் நடக்கும் ஓர் ஐரோப்பிய அரண்மனைக் கதை. இளவரசி திரும்பி நடந்தால் முதுகில் ஜிப் தெரிகிறது. உள்கச்சையில் கயிறு நுழையும் துளைகளுக்கு, ஷூவுக்கு அடிக்கிற மாதிரி உலோக ஐலெட் வளையம். பசி தாங்காமல் கலகம் செய்யும் குடியானவனின் சட்டையில், பெட்டியிலிருந்து எடுத்த மடிப்பு அப்படியே நிற்கிறது. வாய்விட்டுச் சொன்னால் கணவரும் மகளும் “உன்கூட உட்கார்ந்து எதையும் பார்க்க முடியாது” என்கிறார்கள். இவ்வளவு பணம் போட்டு எடுப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா, இல்லை தெரிந்தே நம் காதில் பூச்சுற்றுகிறார்களா? சேனலுக்கு எழுதலாமா, நான்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? கூடவே ஒரு சின்னச் சந்தேகம்: ராணி உடுத்தியிருக்கும் கத்தரிப்பூ நிறப் பட்டு அந்தக் காலத்தில் இருந்திருக்குமா?

தையல் டீச்சருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கூச்சமாகவும் போய்விட்டது. அப்படி ஒரு ஜிப்பை வைத்துத் தைத்த கைகளில் என் கையும் ஒன்று.

நடந்தது இதுதான். உங்கள் தொடரின் காலத்தை ஒட்டிய ஒரு கதைக்கு நானும் உடை செய்தேன். கதாநாயகிக்கு ஒரே நாளில் மூன்று உடை மாற்றம். ஒவ்வொரு முறையும் முதுகுக் கயிற்றைக் கட்டி முடிக்க இரண்டு பேர் கால் மணி நேரம் நிற்க வேண்டும். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது, இயக்குநரின் உதவியாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் தட்டுகிறார். மறுநாள் காலையில் கயிறு கட்டும் மடிப்புக்கு அடியில் ஜிப் போட்டேன். மேலே கயிறு சும்மா அழகுக்கு. பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். கேமரா முதுகுப் பக்கம் போகாது என்று பேச்சு. நான்காம் நாள் அந்தப் பெண் படிக்கட்டில் ஓடும் காட்சிக்கு ஒளிப்பதிவாளருக்கு ஒரு யோசனை உதித்தது, கேமரா பின்னாலேயே ஓடியது. மடிப்பு விரிந்தது. அது அப்படியே ஒளிபரப்பும் ஆனது.

ஆகவே, தெரியாதா என்றால், உடைப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியும். ஜிப்பின் ஜாதகம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 1893-இல் அமெரிக்காவில் விட்கோம்ப் ஜட்சன் அதன் முன்னோடிக்குக் காப்புரிமை வாங்கினார், அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. 1913-இல் கிடியன் சுண்ட்பேக் இப்போது நாம் பார்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். உடைகளில் அது பரவலானது 1930களில். உங்கள் இளவரசி இன்னும் சுமார் 160 வருடம் பொறுத்திருக்க வேண்டும். தெரிந்தே வைக்கிறோம், பார்ப்பவர் கண்ணில் படாது என்று நம்பி வைக்கிறோம். உங்களைப் போல ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும்போது மாட்டிக்கொள்கிறோம்.

பணம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாயகன், நாயகி இருவருக்கும் அளவெடுத்துப் புதிதாகத் தைப்போம். அடுத்த வரிசைக்கு உடை வாடகை நிறுவனங்களிடமிருந்து எடுப்போம். லண்டனில் ஏஞ்சல்ஸ் என்ற நிறுவனம் 1840 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. கூட்டத்தில் நிற்பவர்களுக்கு மிச்சம் மீதி எதுவோ அதுதான். 1790-க்கென்று தைத்த கோட்டை 1740-இல் நடக்கும் கதையில் ஒருவர் போட்டுக்கொண்டு பின்வரிசையில் நிற்பார். அவர் பின்வரிசையில் நிற்பதற்கே அதுதான் காரணம்.

சரி. ஜிப்பை நான் மன்னித்துவிடுவேன். அது மறைக்கப்பட்ட பொருள், கதைக்குள் அதற்கு இடமில்லை. நீங்கள் இரண்டாவதாகச் சொன்னீர்களே, அந்த ஐலெட், அதை மன்னிப்பது எனக்குக் கஷ்டம். ஏன் என்று உங்களுக்குத்தான் விளக்க முடியும், ஏனென்றால் நீங்கள் காஜா எடுப்பவர்.

1770களின் உள்கச்சையை ஆங்கிலத்தில் ஸ்டேஸ் என்பார்கள். லினன் துணியை அடுக்கி, நெருக்கமான இணைத் தையல்களால் குழாய் குழாயாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த பலீன் கீற்றைச் செருகியிருப்பார்கள். எல்லாம் கைத்தையல், தையல் மெஷின் வர இன்னும் எழுபது எண்பது வருடம் இருக்கிறது. கயிறு நுழையும் துளைகளைக் கத்தரித்து எடுக்க மாட்டார்கள். கூரான குத்தூசியைத் துணிக்குள் இறக்கி, இழை அறுபடாமல் விலக்கி விலக்கித் துளையைப் பெரிதாக்கி, அதைச் சுற்றி நூலால் நெருக்கமாகக் கட்டுவார்கள். நம் காஜா மாதிரிதான், வட்டமாக. துணியின் பலம் துணிக்குள்ளேயே நிற்கும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. வேகமாக இழுத்தால் நூல் கட்டு விட்டுக்கொடுக்கும், துணி வாய் பிளக்கும். துளைக்கு உலோக வளையம் வந்தது 1820களில். வளையம் வந்த பிறகுதான் கயிற்றைப் பிடித்து மூச்சு முட்ட இழுப்பதைத் துணி தாங்க ஆரம்பித்தது.

இப்போது அந்தப் பிரபலமான காட்சியை நினைத்துப் பாருங்கள். நாயகி கட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தாயோ பணிப்பெண்ணோ முதுகில் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுப்பார்கள். நாயகி “என்னால் மூச்சுவிட முடியவில்லை” என்பாள். எந்த நூற்றாண்டுக் கதையாக இருந்தாலும் முதல் பகுதியில் இது வந்துவிடும். 1770-இன் கச்சையை அப்படி இழுத்தால் கிழிவது கச்சையாகத்தான் இருக்கும். அந்தக் காட்சிக்காகத்தான் உலோக ஐலெட் தேவைப்படுகிறது. உடைப் பிரிவு சோம்பேறித்தனத்தால் போட்டது என்று நீங்கள் நினைப்பது, பல நேரம் திரைக்கதை கேட்டு வாங்கியது.

கயிற்றையும் கவனியுங்கள். ஷூ லேஸ் மாதிரி குறுக்கும் மறுக்குமாகப் போயிருக்கும். அந்தக் கால வழக்கம் பெரும்பாலும் ஒற்றைக் கயிறு, கீழிருந்து மேலே சுருள் சுருளாக ஏறும். இரு பக்கத் துளைகளும் நேருக்கு நேர் இல்லாமல் அரைப்படி தள்ளி இருக்கும். அருங்காட்சியகங்களில் இருக்கும் கச்சைகளில் இந்தத் தள்ளலை வெறுங்கண்ணால் பார்க்கலாம். நீங்கள் ஒரு தரம் பார்த்துவிட்டால் அப்புறம் விடாது.

இதைவிட முக்கியமானது ஒன்று. அந்தக் கச்சையை வெறும் உடம்பில் யாரும் போட்டதில்லை. முதலில் லினனில் முழங்கால் வரை ஒரு ஷிஃப்ட், அதன் மேல்தான் கச்சை. வியர்வையையும் எண்ணெயையும் வாங்கிக்கொள்வது ஷிஃப்டின் வேலை. அது துவைக்கும் துணி. மேலே போடும் பட்டு தண்ணீரைப் பார்க்காது. தொடர்களில் ஷிஃப்டை எடுத்துவிடுகிறார்கள், தோள்பட்டையும் முதுகும் தெரிந்தால்தான் காட்சிக்கு அழகு என்று. நடிகையின் விலா எலும்பில் பலீனுக்குப் பதில் போட்ட இரும்புக் கம்பி நேராக உரசுகிறது. பதினான்கு மணி நேரம் கழித்து அவர் பேட்டியில் “அந்தக் காலத்துப் பெண்கள் எப்படித்தான் பொறுத்தார்களோ” என்பார். அவர் வலி உண்மை. ஆனால் அந்தக் காலத்துப் பெண் அதை அப்படிப் போடவில்லை. வயலில் வேலை செய்தவளும், மீன் கூடை தூக்கியவளும், வீட்டுவேலைக்காரியும் கச்சை போட்டுக்கொண்டுதான் குனிந்து நிமிர்ந்தார்கள். முதுகுக்கு ஒரு தாங்கல், மார்புக்கு ஒரு தாங்கல், கனமான பாவாடைகளின் நாடா இடுப்பை அறுக்காமல் இருக்க ஒரு தடுப்பு. தொடரில் அது சிறைக் கம்பி. எந்தப் பாத்திரம் அதைக் கழற்றி எறிகிறதோ அது புரட்சிக்காரி. உடையில் செய்த பிழை இப்படித்தான் கதைக்குள் புகுந்து, பார்ப்பவர் மனதில் வரலாறாக உட்கார்ந்துவிடுகிறது. ஜிப் இந்த வேலையைச் செய்வதில்லை.

உங்கள் குடியானவன் சட்டைக்கு வருகிறேன், அதில் எனக்கும் ஒரு துக்கம் உண்டு.

புதுச் சட்டையைப் பழசாக்குவது எங்கள் தொழிலில் தனி வேலை, ஏஜிங் என்போம். உப்புத்தாள், கம்பி பிரஷ், காய் துருவி, டீத்தூள் சாயம், களிமண் பொடி எல்லாம் அதற்கான ஆயுதங்கள். ஒரு தரம் பிச்சைக்காரன் பாத்திரத்துக்காக ஒரு கம்பளிக் கோட்டை மூன்று நாள் துருவினேன். முழங்கை எப்படித் தேயும், பைக்குள் கைவிட்டு விட்டு ஓரம் எப்படிக் கறுக்கும், மழையில் நனைந்து காய்ந்தால் காலர் எப்படிச் சுருளும் என்று ஒவ்வொன்றாக யோசித்துச் செய்தது. படப்பிடிப்புக்கு முந்தின இரவு, சலவைக்கு நின்ற பெரியவர் அதைப் பார்த்திருக்கிறார். ஐயோ பாவம், யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று துவைத்து, கிழிசலைத் தைத்து, இஸ்திரி போட்டு, ஹேங்கரில் தொங்கவிட்டுப் போய்விட்டார். காலையில் பிச்சைக்காரர் மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நல்ல மனுஷன், அவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால், உண்மையான பழைய உடைகளுக்கு நடந்ததும் அதுவேதான்.

பழங்காலத்து ஏழைகளுக்குத் தொலைக்காட்சியில் இரண்டே சீருடை. ஒன்று மடிப்புக் கலையாத புதுசு, இல்லாவிட்டால் தொங்கத் தொங்கக் கிழிந்த சாக்கு. இரண்டும் தப்பு. ஹார்கிரீவ்ஸின் ஜென்னி நூற்பு இயந்திரம் 1764 வாக்கில் வந்தது, அது ஊர் ஊராகப் பரவ இன்னும் காலம் பிடித்தது. அதற்கு முன் ஒரு சட்டையில் இருக்கும் ஒவ்வோர் அங்குல நூலையும் யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், கையால் நூற்றிருக்கிறார். அந்தத் துணியைக் கிழிந்து தொங்க யாரும் விடமாட்டார்கள். உயில்களில் பாவாடையும் மேலங்கியும் பெயர் சொல்லி எழுதிவைத்திருக்கிறார்கள். அடகுக் கடையில் உடை போகும், திருடர்கள் உடையைத் திருடுவார்கள், பழைய உடை வியாபாரம் என்று தனியாக ஒரு தொழிலே நடந்தது. ஆகவே ஏழையின் கோட்டில் ஒட்டு மேல் ஒட்டு இருக்கும், ஆனால் ஒவ்வோர் ஒட்டும் ஒழுங்காகத் தைத்திருக்கும். கவனமாகச் செய்த ஒட்டுத்தையல் ஒன்றைத் திரையில் பார்த்தால், அந்தத் தொடரில் யாரோ ஒருவர் தூங்காமல் வேலை பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணக்காரர் உடையிலும் இதே கணக்குதான். 18-ஆம் நூற்றாண்டுப் பட்டு தறியிலிருந்து 20 அங்குலத்தை ஒட்டிய அகலத்தில் வரும். துணிக்கு விலை அதிகம், தைப்பவருக்குக் கூலி குறைவு. அதனால் பெண்களின் மேலங்கியில் துணியை முடிந்தவரை வெட்டாமல், மடிப்பு மடிப்பாக வைத்துத் தைத்தார்கள். நீண்ட நீண்ட ஓட்டுத்தையல், நாளைக்குப் பிரித்து இன்னொரு விதமாகத் தைக்கலாம் என்ற எண்ணத்தோடு போட்டது. ஒரே உடையை அம்மா போட்டு, பிரித்து, மகளுக்கு மாற்றியிருப்பதை இன்றைக்கும் பழைய ஊசித் துளைகளை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். முன்பக்கத்தை மூடுவதற்குப் பல உடைகளில் பட்டனே கிடையாது, குண்டூசிதான். தினமும் காலையில் உடம்பின் மேல் வைத்துக் குத்திக்கொள்வது. நான் இதை ஒரு நடிகைக்குச் செய்துகாட்டியபோது அவர் சங்கப் பிரதிநிதியைக் கூப்பிட்டுவிட்டார். அதுவும் நியாயம்தான்.

இதற்கும் முந்தின காலம் என்றால் கேட்கவே வேண்டாம், இடைக்கால ஐரோப்பா என்றதும் எல்லோருக்கும் கறுப்புத் தோல் உடை. ஆழ்ந்த கறுப்புச் சாயம் ஏற்றுவது கடினமான, செலவான வேலை. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் பர்கண்டி, ஸ்பெயின் அரசவைகள் அதை ஆடம்பர நிறமாகவே உடுத்தின. தெருவில் போகிற திருடனுக்கு அது எங்கிருந்து கிடைத்தது? கிரீன்லாந்தில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடத்தில் 1921-இல் தோண்டியபோது, உறைந்த மண்ணுக்குள், இடைக்காலத்தில் அங்கே வாழ்ந்த நார்ஸ் (வட ஐரோப்பிய) குடியேறிகளின் உடைகள் கிடைத்தன. உலகத்தின் ஒரு மூலையில் இருந்த விவசாயக் குடும்பங்கள் அவை. அந்தக் கம்பளி அங்கிகளில் முக்கோணத் துண்டுகளைப் பக்கவாட்டில் இணைத்து விரிவு கொடுத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் நீங்களே வகுப்பில் பாடமாக வைப்பீர்கள். தொலைக்காட்சியில் அவர்களுக்குக் கிடைப்பது இடுப்பில் கயிறு கட்டிய கோணி.

காதில் பூச்சுற்றுகிறார்களா என்று கேட்டீர்கள். சில நேரம் பூ உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது, நாங்கள் அதை எடுக்கப் பயப்படுகிறோம். வைக்கிங் வீரர்கள் என்றதும் கொம்பு வைத்த தலைக்கவசம் நினைவுக்கு வருகிறதா? அது எங்கள் தொழிலின் கைங்கர்யம். 1876-இல் ஜெர்மனியின் பைராய்ட்டில் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகம் அரங்கேறியபோது கார்ல் எமில் டெப்லர் என்ற உடை வடிவமைப்பாளர் வரைந்த உடைகளிலிருந்து அந்தக் கொம்பு உலகமெங்கும் முளைத்தது. வைக்கிங் காலத்து அகழாய்வில் அப்படி ஒரு போர்க் கவசம் கிடைத்ததில்லை. இன்றைக்குக் கொம்பில்லாமல் எடுத்தால் “இவர்கள் என்ன வைக்கிங்கா?” என்று கேட்பவர்கள் உண்டு. சாயங்கள் பளிச்சென்று இருந்த காலத்தைப் பளிச்சென்று காட்டினால் ஒப்பனை என்பார்கள், மங்கலான காப்பிக் கலரில் காட்டினால் “எவ்வளவு இயல்பாக இருக்கிறது” என்பார்கள்.

தலைமுடிதான் எனக்குத் தினசரிப் போராட்டம். வளர்ந்த பெண் வெளியே தலைமுடியை அவிழ்த்துவிட்டுத் திரிந்த காலமல்ல அது. கொண்டை, அதன் மேல் லினன் தொப்பி. நான் அழகாக ஒரு தொப்பி தைத்துக் கொண்டுபோவேன், மேலிடத்திலிருந்து “நாயகிக்குத் தொப்பி வேண்டாம், வயசாகத் தெரிகிறது” என்று வரும். வேலைக்காரிகளுக்கு மட்டும் தொப்பி மிஞ்சும். கொஞ்ச நாளில் பார்ப்பவர்கள் தொப்பி என்றாலே வேலைக்காரி என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

எல்லா வரலாற்றுத் தொடரிலும் அது எடுக்கப்பட்ட வருடம் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், புருவத்திலும் முடியிலும் முக்கியமாக. 1813-இல் வெளிவந்த ஓர் ஆங்கில நாவலை 1940-இல் ஹாலிவுட்டில் எடுத்தபோது, அந்தக் காலத்து மெலிந்த, நேரான கவுன்கள் போதுமான பகட்டாக இல்லை என்று கதையையே 1830களின் உப்பிய கைகளுக்கு நகர்த்திவிட்டார்கள். அதை ஒரு முடிவாகவாவது எடுத்தார்கள். பிரான்ஸ் ராணி மரீ அந்துவானெத்தைப் பற்றி 2006-இல் வந்த படத்தில் ராணியின் காலணிக் குவியலுக்கு நடுவே ஒரு கான்வாஸ் ஷூ கிடக்கும். தவறி விழுந்ததல்ல, வேண்டுமென்றே வைத்தது, அவள் ஒரு பதின்வயதுப் பெண் என்று சொல்வதற்கு. அந்தப் படத்துக்காக மிலெனா கனோனெரோவுக்கு உடை வடிவமைப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது. எனக்கு அந்த ஷூவோடு சண்டை இல்லை. ஒரு தொடர் “நான் விளையாடுகிறேன்” என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டால் விளையாடட்டும். “உண்மை வரலாறு” என்று எழுத்துப்போட்டுவிட்டு ஐலெட் அடிப்பதுதான் உறுத்துகிறது.

உங்கள் புகார் பழைய புகார் என்பதும் ஆறுதலாக இருக்கலாம். 1573-இல் வெனிஸ் நகரத்து ஓவியர் வெரோனேசேயை மத விசாரணை மன்றம் கூப்பிட்டது. இயேசுவின் கடைசி விருந்து என்று வரைந்த படத்தில் ஜெர்மானியச் சிப்பாய்கள் எப்படி வந்தார்கள், கையில் கிளியோடு கோமாளி எதற்கு என்று கேட்டார்கள். படத்தில் பாதிப் பேர் அன்றைய வெனிஸ் பட்டில் நிற்கிறார்கள். கவிஞர்களுக்கும் பைத்தியக்காரர்களுக்கும் இருக்கிற உரிமை எங்களுக்கும் உண்டு என்கிற மாதிரி பதில் சொன்னார் அவர். சொந்தச் செலவில் மூன்று மாதத்தில் திருத்து என்று உத்தரவு. மனுஷன் தலைப்பை மட்டும் மாற்றினார், பைபிளில் வரும் இன்னொரு விருந்தான லேவியின் வீட்டு விருந்து என்று. எங்கள் தயாரிப்பாளர்களின் நேர் முன்னோர்.

எதை நம்பிச் சரிபார்ப்பது என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். இன்னொரு படத்தையோ தொடரையோ நம்ப வேண்டாம். அந்தக் காலத்து ஓவியத்தைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இத்தாலியின் திரேவிசோவில் 1352-இல் வரைந்த சுவரோவியத்தில் கர்தினால் ஹியூ என்பவர் மூக்குக்கண்ணாடி போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். மூக்குக்கண்ணாடியின் மிகப் பழைய ஓவியங்களில் ஒன்று அது. அவர் இறந்தது 1263-இல், கண்ணாடி கண்டுபிடிக்கப்பட்டது அதற்கும் இருபது வருடம் கழித்து. எங்கள் ஜிப்புக்கு மூதாதை. ஆகவே மிஞ்சியிருக்கும் உடைகளைப் பாருங்கள். இங்கிலாந்தின் ஜேனட் ஆர்னால்ட் வாழ்நாள் முழுக்க அருங்காட்சியகங்களில் பழைய உடைகளை அங்குலம் அங்குலமாக அளந்து கட்டிங் வரைபடமாகப் போட்டுவைத்தவர். எங்கள் பட்டறையில் அவருடைய வரைபடங்கள் எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கிழிந்திருக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 முதல் தன் சேகரிப்பில் பதிப்புரிமை முடிந்தவற்றின் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் திறந்துவிட்டிருக்கிறது. அதிலும் ஒரு எச்சரிக்கை. மிஞ்சுவது பணக்காரர் உடை, விசேஷ உடை, யாருக்கும் போடமுடியாமல் சின்னதாகப்போன உடை. தினசரி உடுத்தியது கந்தலாகி, துடைக்கும் துணியாகி, கடைசியில் காகிதம் செய்யப் போய்விட்டது. “அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இடுப்பு சின்னது” என்கிற பேச்சு பாதி இப்படி வந்ததுதான்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். நீங்கள் பார்ப்பது சரி. சொல்லும் நேரம்தான் சரியில்லை என்று நினைக்கிறேன். காதலன் சாகக் கிடக்கும்போது அவன் சட்டையில் இந்தக் காலத்து ஓவர்லாக் மெஷின் தையல் தெரிகிறது என்று நீங்கள் சொன்னால், உங்கள் கணவர் பக்கம்தான் நான் நிற்பேன். என் மனைவி எனக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறாள்: ஒரு பகுதிக்கு ஒரே ஒரு பிழை, அதுவும் பெயர்கள் ஓடும்போது. முதல் வாரம் மூச்சுத் திணறியது. அப்புறம் பத்துப் பிழையில் எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததால், சில்லறை எல்லாம் தானாக உதிர்ந்தது.

மகளிடம் பிழையைச் சொல்வதைவிடக் கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். அந்த நாயகி ரகசியக் கடிதத்தை எங்கே ஒளித்தாள்? கவுனில் பை தைத்திருந்தால் அது இந்தக் காலத்துப் பை. 1770-இன் பெண்கள் நாடா வைத்த இரண்டு பைகளைத் தனியாக இடுப்பில் கட்டி, பாவாடைக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். பாவாடையின் பக்கவாட்டில் விட்ட திறப்பு வழியாகக் கையை நுழைத்து எடுப்பார்கள். பெண்கள் உடையில் பை இல்லை என்று சலித்துக்கொள்ளும் இன்றைய பிள்ளைகளுக்கு இது உடனே பிடிக்கும். மிச்சத் துணியில் ஒன்று தைத்துக் கட்டிக் காட்டுங்கள், அரை மணி நேர வேலை.

சேனலுக்கு எழுதலாம், ஆனால் டப் செய்து ஒளிபரப்புகிறவர்களால் ஜிப்பை எடுக்க முடியாது. எடுத்தவர்களுக்கு எழுதுங்கள். அதிலும் கெட்டதை மட்டும் எழுதாதீர்கள். ஒரு தரம் யாரோ ஒருவர், பின்னணியில் நின்ற பாலுக்காரியின் தொப்பி மிக நேர்த்தி என்று எங்களுக்கு நாலு வரி எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் அடுத்த தொடரின் முதல் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். நாயகிக்கு இரண்டு காட்சியில் தொப்பி கிடைத்தது.

கடைசியாக ராணியின் கத்தரிப்பூப் பட்டு. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்கான குவினைன் செய்யப் போய், தற்செயலாக மாவ் என்ற ஊதாச் சாயத்தில் போய் நின்றான். செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்து தொடங்கியது. இதைப் படித்தவர்கள் அதற்கு முன் ஊதாவே இல்லை என்று அடித்துச் சொல்வார்கள், சொல்லவிடாதீர்கள். பாறைப்பாசியிலிருந்து எடுக்கும் ஆர்ச்சில் சாயத்தில் ஊதா வரும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், அவ்வளவுதான். அவுரி நீலத்தோடு காச்சினீல் பூச்சியின் சிவப்பைச் சேர்த்தாலும் வரும். ஆகவே நிறத்துக்காக அந்த ராணியைப் பிடிக்க முடியாது. அடுத்த பகுதியில் அவர் உட்காரும்போது மடியைப் பாருங்கள். பட்டு என்றால் மடிப்பில் மொறமொறவென்று உடைந்து நிற்கும், வெளிச்சம் மடிப்புக்கு மடிப்பு வேறாக விழும். பாலியெஸ்டர் என்றால் வழுக்கிக்கொண்டு போய் ஒரே மாதிரி பளபளக்கும். எனக்கு இப்போதே சந்தேகம்தான், ஆனால் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.